பரணில் கிடக்கும் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: நிஜமாவே நல்ல சரக்கா, நினைப்புதான் விலையை ஏத்துதா?

ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஊர்த் திருவிழாக்கள்னு எங்கே போனாலும் 1980-களில் ஒரு காட்சி கட்டாயம் இருக்கும். லாரி செட்டுக்குப் பக்கத்துல மேடை, மேலே ட்யூப் லைட், நடுவுல பாடகர், ஓரத்துல சிவப்போ நீலமோ பளபளன்னு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். ‘இன்னிசைக் கச்சேரி’ன்னு போஸ்டர்ல பெரிசா போட்டிருப்பாங்க. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த கிட்டார்ல வர்ற நாலு ஸ்வரத்தைக் கேட்டே என்ன பாட்டுன்னு கூட்டம் கண்டுபிடிச்சு விசில் அடிக்கும்.

அந்த கிட்டார்கள் பலவும் இன்று பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. சில மட்டும் இணையத்தில் பழைய பொருள் விற்பனைப் பக்கங்களுக்கு வந்துவிட்டன. ‘அந்தக் காலத்து மரம், இப்ப இந்த மாதிரி கிடைக்காது’ என்ற ஒரு வரியோடு, புதுக் கிட்டாருக்கு மேல் விலை சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குவது யார்? திருவிழாக் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை ஒரு பக்கம். முதல் கிட்டாருக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாமவருக்குத்தான் இதில் ஏமாற வாய்ப்பு அதிகம். அதனால் அந்தப் பழைய கிட்டாரில் எது உண்மையான தரம், எது நம்ம நினைப்பு என்று பிரித்துப் பார்க்கலாம்.

அந்த கிட்டார் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களை அந்தக் காலத்தில் சேலத்துக் கடையில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வெளிநாட்டு நுகர்பொருள்களுக்கு இறக்குமதி உரிமம், கடும் வரி என்று கட்டுப்பாடுகள் இருந்த காலம். 1991-ல் பொருளாதாரம் திறக்கப்பட்டது என்று சொல்கிறோம். ஆனால் நுகர்பொருள்களுக்கான அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தொகுதி நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதுவரை வெளிநாட்டு கிட்டார் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர் கையில் வர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜார் மாதிரி இடத்தில் அதிர்ஷ்டம் அடிக்க வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் கொல்கத்தா. கிவ்சன், கிப்டோன் என்ற பெயர்களைப் பழைய கிட்டார்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹாப்னர் என்ற பெயரிலும் நாட்டுக் கிட்டார்கள் வந்தன. பெயரைப் பார்த்தாலே புரியும்: ஒன்று கிப்சனை நினைவூட்டும், இன்னொன்று ஜெர்மனியின் ஹாஃப்னரை. உருவமும் அப்படித்தான், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போல இரண்டு கொம்பு, மூன்று பிக்கப். இதைப் போலி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இந்த கிட்டார்கள் இல்லாமல் இருந்திருந்தால் ஓமலூரிலோ பரமத்திவேலூரிலோ ஒரு இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார் என்ற ஒரு ஆளே இருந்திருக்க மாட்டார். அது சாதாரண விஷயம் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான்

மலிவு கிட்டார் மேல் வரும் பாசம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1960-களில் தபாலில் விற்ற சில்வர்டோன் கிட்டாரின் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். விலை 70 டாலருக்குள். அதைத் தயாரித்துக் கொடுத்தது டேன்எலெக்ட்ரோ. உடம்புக்கு மரச் சட்டத்தின் மேல் மேசோனைட் என்ற அழுத்தப் பலகை. பிக்கப்பின் உறைக்கு என்ன தெரியுமா? லிப்ஸ்டிக் குழாய்! உதடு சாயம் அடைக்கும் அதே உலோகக் குழாயை மொத்தமாக வாங்கி உள்ளே காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்தார்கள். செலவைக் குறைக்கச் செய்த வேலை அது. அந்த டேன்எலெக்ட்ரோவைத்தான் பிற்பாடு லெட் ஸெப்ளின் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்தார். மான்ட்கோமரி வார்டு கடைகள் விற்ற ஏர்லைன் என்ற ஃபைபர் கண்ணாடி கிட்டாரை 2000-களில் ஜாக் ஒயிட் கையில் எடுத்ததும் அதன் மவுசே மாறிவிட்டது.

கவனிக்க வேண்டியது, பேஜ் வாசித்ததால் எல்லா டேன்எலெக்ட்ரோவும் நல்ல கிட்டார் ஆகிவிடாது. ஆனால் விலை மட்டும் எல்லாவற்றுக்கும் ஏறும்.

சத்தம் எப்படி வருகிறது?

சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? காந்தம் சுற்ற, பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பும் அதே தத்துவம்தான். இங்கே காந்தம் அசையாமல் இருக்கும், மேலே எஃகுக் கம்பி அதிரும். அந்த அதிர்வு சுருளில் மிகச் சின்ன மின்னோட்டமாக மாறி ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப்பில், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுமார் 8,000 சுற்று இருக்கும். (போர்வெல் மோட்டாருக்கு காயில் கட்டுபவரிடம் இதைக் கொடுத்துச் சுற்றித் தரச் சொல்லாதீர்கள். அவர் கைக்குப் பழக்கமான கம்பி வேறு, இது வேறு.)

அதனால்தான் மரத்தைப் பற்றிய பெருமையை அப்படியே நம்பக் கூடாது. வீணைக்குப் பலா மரம் முக்கியம், ஏனென்றால் அங்கே ஒலியைப் பெருக்குவதே குடம்தான். எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வேலையை ஆம்ப்ளிஃபயர் செய்கிறது. பழைய மலிவு கிட்டார்களில் பல பிளைவுட்டில் செய்தவை. இன்னும் சொல்லப் போனால், வெயில் 40 டிகிரியைத் தொட்டு, அடுத்து மழை பிடிக்கும் நம்ம ஊருக்கு, உடம்பு அளவில் பிளைவுட் ஒன்றும் மோசமில்லை. சாதா மரம் அளவுக்கு அது சுருங்கி விரியாது.

அந்தக் கால பிக்கப்புகளில் ஒரு தனிக் குணம் இருப்பது உண்மைதான். சுருளை மெழுகில் ஊறவைக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் சத்தம் கூட்டினால் கீச்சிடும், கிட்டார் உடம்பில் தட்டினால்கூட ஸ்பீக்கரில் கேட்கும். ஒற்றைச் சுருள் என்பதால் ட்யூப் லைட், மின்மாற்றி பக்கத்தில் ‘ம்ம்ம்’ என்று முனகும். கணக்குப்படி இதெல்லாம் குறை. ஆனால் அதே பிக்கப்தான் அந்தக் கூர்மையான, கொஞ்சம் தகரம் கலந்த சத்தத்தையும் கொடுத்தது.

நாம் ஞாபகம் வைத்திருப்பது கிட்டாரையா?

இங்கேதான் சுவாரஸ்யமே. அன்றைக்குத் திருவிழாவில் உங்கள் காதில் விழுந்தது கிட்டார் சத்தம் மட்டும் இல்லை. அது போய்ச் சேர்ந்தது சவுண்ட் சர்வீஸ்காரரின் ஆம்ப்ளிஃபயருக்கு. அங்கிருந்து பனை மரத்திலும் மின்கம்பத்திலும் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிக்கு. கூம்புக்கு அடித்தளச் சத்தம் வராது. தபேலாவின் ‘கும்’ பாதி காணாமல் போகும், பேஸ் கிட்டார் ஏறக்குறைய மேடையோடு சரி. நடுத்தர ஸ்தாயியை மட்டும் பிடித்து ரெண்டு ஊர் தாண்டி எறியும். மெல்லிய, கூரான கிட்டார் சத்தம் அதற்கு அச்சாகப் பொருந்தியது. காவேரிக்கரையில் வயல் தாண்டி ராத்திரியில் கேட்ட அந்த ஒலி, மலிவு பிக்கப்பும் கூம்பும் சேர்ந்து செய்த கூட்டுத் தயாரிப்பு. அதே கிட்டாரை இன்று வீட்டு அறையில் புது ஆம்ப்ளிஃபயரில் செருகினால், ‘இதுவா அது?’ என்று முகம் சுருங்குவது இதனால்தான்.

பாட்டும் ஒரு காரணம். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு தமிழ்ச் சினிமாப் பாட்டில் கிட்டாருக்குக் கிடைத்த இடமே வேறு. ‘மூடுபனி’யில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’, ‘பயணங்கள் முடிவதில்லை’யின் ‘இளைய நிலா’ இரண்டும் கிட்டார் இல்லாமல் மேடையில் பாடவே முடியாத பாட்டுகள். ஊர்க் குழுவில் கிட்டார்காரர் சரியாக வாசித்தால்தான் கைத்தட்டல். அவர் கையில் இருந்த கிட்டார் எந்தக் கம்பெனி என்று யார் பார்த்தார்கள்?

பிறகு கீபோர்டு வந்தது. கிட்டார், வயலின், புல்லாங்குழல் எல்லாச் சத்தமும் ஒரே பெட்டியில். பத்துப் பேருக்குக் கொடுத்த சம்பளத்தை நாலு பேருக்குக் கொடுத்தால் போதும் என்று ஆனது. அடுத்து டிராக் போட்டுப் பாடும் பழக்கம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை மட்டும் மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடியக் கச்சேரி என்பதே அதோடு போச்சு. தூக்கம் கெட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் கிட்டார் பரணுக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

அப்போ தரம்?

பழைய மலிவு கிட்டாரின் உயிர் கழுத்தில் இருக்கிறது. ஆறு கம்பியையும் சுருதி கூட்டினால் அவை சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 46 கிலோ. அதாவது ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, இரவும் பகலும் அந்தக் குறுகிய மரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ‘ட்ரஸ் ராட்’ என்ற இரும்புக் கம்பி, முனையைத் திருகினால் வளைவு சரியாகும். பல பழைய மலிவு கிட்டார்களில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும், சிலதில் பேருக்குத்தான் இருக்கும். ஒழுங்காக உலராத மரமாக இருந்தால் சேலம் கோடையில் கழுத்து சுருங்கி, ஃப்ரெட் கம்பிகளின் முனை வெளியே நீட்டி விரலைக் கீறும்.

இன்றைய பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்துப் புதுக் கிட்டாரைக் கணினி இயந்திரம் வெட்டுகிறது. ஒவ்வொரு ஃப்ரெட் பள்ளமும் ஒரே அளவு. சராசரியாகப் பார்த்தால் புதுசுதான் கைக்கு லேசு, சுருதியும் நிற்கும். ‘பழசுதான் கெட்டி’ என்ற பேச்சு எப்படி வந்தது? மோசமாகச் செய்த கிட்டார்கள் எப்போதோ உடைந்து அடுப்புக்குப் போய்விட்டன. தாக்குப்பிடித்த ஒன்றிரண்டைப் பார்த்து எல்லாமே அப்படி இருந்தது என்று நினைக்கிறோம். தாத்தா காலத்து வெண்கலப் பானை கதைதான் இதுவும்.

வாங்கப் போகிறவர்கள் கிட்டாரை வாள் மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்து நெடுக்கப் பாருங்கள். லேசான குழிவு பரவாயில்லை, முறுக்கிக்கொண்டு இருந்தால் வேண்டாம். 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அருமை. 4-க்கு மேல் என்றால் கற்றுக்கொள்கிற பிள்ளையின் விரல் புண்ணாகி, ஒரே வாரத்தில் கிட்டாரே வேண்டாம் என்றாகிவிடும். அதே ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரமும், அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கணும். போனில் இலவச ட்யூனர் செயலி போதும். வால்யூம் திருகு கரகரத்தால் பயப்படாதீர்கள், அது சில்லறைச் செலவு.

விற்கிற குடும்பத்துக்கும் ஒன்று. கறுத்துப்போன பழைய திருகு, சாவி, பிக்கப் உறை எதையும் ‘புதுசா மாத்தித் தர்றேன்’ என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பதே அந்தப் பழைய பாகங்களுக்குத்தான். கற்றுக்கொள்ள வாங்குபவருக்கோ அதெல்லாம் தேவையே இல்லை, கழுத்து நேராக இருந்தால் போதும். யாருக்கு விற்கிறோம் என்று பார்த்து விலை சொல்லலாம்.

கிட்டாரோடு பழைய ஆம்ப்ளிஃபயரும் சேர்த்துக் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு முள் பிளக் உள்ள பழைய பெட்டிகளுக்கு எர்த் கிடையாது. உள்ளே இன்சுலேஷன் கெட்டிருந்தால் கிட்டார் கம்பியிலேயே மின்சாரம் நிற்கும். ஒரு கை கம்பியில், இன்னொரு கை மைக்கில் பட்டால் சுற்று முழுமையாகிவிடும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். பழைய பெட்டியை முதல்முறை செருகுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, மூன்று முள் பிளக் போட்டு, உள்ளே எர்த் வயரைச் சட்டத்தோடு இணைத்து வாங்குங்கள். வீட்டு பிளக் பாயிண்டிலும் எர்த் வருகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.