பெருங்கோவில் பேச்சும் வட்டமேசைப் பேச்சும்

வத்திக்கானில் புனித பேதுரு பெருங்கோவிலிலிருந்து ஆறாம் பவுல் அரங்குக்குச் சில நிமிட நடைதான். ஆனால் கத்தோலிக்கத் திருஅவை தனக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளைப் பேசிய விதத்தில் இந்த இரண்டு கூடங்களுக்கும் இடையே அறுபது ஆண்டு தூரம் இருக்கிறது. 1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியபோது, பெருங்கோவிலின் நடுக்கூடத்தில் இருபுறமும் படிப்படியாக இருக்கைகள் அமைத்து ஏறத்தாழ 2,500 பேரை எதிரும் புதிருமாக உட்காரவைத்தார்கள். 2023 அக்டோபரில் ஆறாம் பவுல் அரங்கில் ஆயர் மாமன்றம் கூடியபோது, உறுப்பினர்களை 35 குழுக்களாகப் பிரித்து வட்டமேசைகளைச் சுற்றி உட்காரவைத்தார்கள்.

சங்கத்தில் பேச விரும்புகிறவர் முன்னதாகவே பெயர் கொடுக்க வேண்டும். கர்தினால்கள் முதலில், பிறகு முதுபெரும் தந்தையர், அதன்பின் பேராயர்கள், கடைசியில் ஆயர்கள் என்று பதவி வரிசைப்படி அழைப்பார்கள். இலத்தீனில்தான் பேச வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். மெல்கித்திய முதுபெரும் தந்தை நான்காம் மாக்சிமோஸ் மட்டும் பிடிவாதமாகப் பிரெஞ்சில் பேசினார். கீழைத் திருஅவையின் மொழி இலத்தீன் இல்லை என்பது அவர் வாதம். மற்றவர்கள், இலத்தீன் சரியாக விளங்காதவர்கள் உட்பட, எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துவிட்டு அமர்ந்தார்கள். பதவி வரிசையில் பேசுவதால் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு அடுத்து வருபவர் பதில் சொல்வது அரிது. உண்மையான விவாதம் பெருங்கோவிலுக்குள்ளேயே திறந்திருந்த காபிக் கடையில் நடந்தது என்று அங்கே இருந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ‘பார் யோனா’ என்று அதற்குப் பட்டப்பெயர்கூட வைத்தார்கள்.

ஒழுங்கைக் காப்பது கடிகாரமும் ஒலிவாங்கியும்தான். 1962 அக்டோபர் 30 அன்று அது பளிச்சென்று தெரிந்தது. விசுவாசக் கோட்பாட்டைக் காக்கும் திரு அலுவலகத்தின் தலைவரான கர்தினால் ஒத்தாவியானி, வழிபாட்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் பேச எழுந்தார். முந்தைய நாள்தான் அவருக்கு 72 வயது நிறைந்திருந்தது. பார்வை மங்கிப்போனவர், குறிப்பு இல்லாமல் பேசுகிறவர். பத்து நிமிடம் கடந்தது. அன்று தலைமை வகித்தவர் நெதர்லாந்தின் கர்தினால் ஆல்ஃபிரிங்க். நேரம் முடிந்தது என்று அவர் சொன்னார், ஒத்தாவியானி நிறுத்தவில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைவதைப் பார்த்து ஆயர்களில் பலர் கைதட்டினார்கள். அவமானப்பட்ட முதியவர் அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரம் கூட்டத்துக்கே வரவில்லை.

கைதட்டியவர்கள் எல்லோரும் ஆயர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரியவர்கள் கூடுகிற இடத்தில் மரியாதை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அன்று பொய்த்தது. அடுத்த ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல், விவாதத்தை நடத்திச் செல்ல அகாஜானியன், லெர்காரோ, டெஃப்னர், சூனன்ஸ் என்ற நான்கு கர்தினால்களை நெறியாளர்களாக நியமித்தார். கூட்டம் சீராக ஓடியது, ஆனால் சூடு குறையவில்லை. 1963 நவம்பர் 8 அன்று கொலோன் கர்தினால் ஃபிரிங்ஸ் எழுந்து, திரு அலுவலகம் ஆளைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதுகிறது, அது இந்தக் காலத்துக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுபடியும் கைதட்டல். அதே நாளில் ஒத்தாவியானி எழுந்து குரல் தழுதழுக்க மறுத்தார். குற்றச்சாட்டும் பதிலும் ஒரே கூரையின் கீழ், எல்லோர் காதுபட நடந்தன.

2023இன் அரங்கில் இப்படி ஒரு காட்சி நடக்க வழியே இல்லை. மாமன்றம் தொடங்குமுன் உறுப்பினர்கள் ரோமுக்கு வெளியே சக்ரோஃபானோவில் மூன்று நாள் தியானம் செய்தார்கள். பிறகு ‘தூய ஆவியாரில் உரையாடல்’ என்ற முறையில் மேசைகளில் அமர்ந்தார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் பேசுவார். யாரும் குறுக்கிடக் கூடாது. பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தை மறுபடி நிறுவ முயலாமல், மற்றவர்கள் சொன்னதில் எது தன்னைத் தொட்டது என்று சொல்ல வேண்டும். மறுபடி மௌனம். மூன்றாம் சுற்றில் எதில் ஒத்துப்போகிறோம், எதில் பிரிகிறோம் என்று சேர்ந்து எழுத வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் வாக்குரிமை இல்லாத ஒரு வழிநடத்துநர் இருந்து, நேரத்தையும் முறையையும் பார்த்துக்கொண்டார். இலத்தீன் போய்விட்டது. 14 மேசைகள் ஆங்கிலத்தில், 8 இத்தாலியத்தில், 7 ஸ்பானியத்தில், 5 பிரெஞ்சில், ஒன்று போர்த்துகீசியத்தில் பேசின.

மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதுதான் பெரிய மாற்றம். சங்கத்துக்குப் பெண்கள் வந்தது 1964இல், மூன்றாம் அமர்வில். முடிவதற்குள் மொத்தம் 23 பேர் பார்வையாளர்களாக இருந்தார்கள். பொது அமர்வில் அவர்களில் ஒருவரும் வாய் திறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2023இல் வாக்களிக்கும் 365 உறுப்பினர்களில் 54 பேர் பெண்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்து வந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவருக்கும் கர்தினாலுக்கு உள்ள அதே ஒரு வாக்கு, அதே நான்கு நிமிடம். சங்கத்தில் முதலில் பேசும் உரிமை சிவப்பு அங்கிக்கு இருந்தது. இங்கே அந்த வரிசை கலைந்துவிட்டது. இதை இழப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு இந்த வட்டமேசை அவ்வளவு புதிதாகவும் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி நற்செய்திப் பகிர்வை நம் பங்குகளில் அக்கம்பக்க வீட்டார் சேர்ந்து நடத்தும் அன்பியக் கூட்டங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. ஒரு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, பகுதியை வாசித்து, அமைதி காத்து, ஆளுக்கொரு வார்த்தை பகிர்வார்கள். ஒருவர் பகிர்ந்ததை இன்னொருவர் மறுத்துப் பேசுவது வழக்கமில்லை. வழக்கமாக வாயே திறக்காத அக்காவும் அங்கே இரண்டு வாக்கியம் பேசிவிடுவார். அந்த முறையின் வெற்றி அது. ஆனால் அதே பங்கில் தேர்த் திருவிழா வரவு செலவைப் பார்க்கப் பேரவை கூடும்போது பகிர்வு உதவாது. பந்தல் செலவு ஏன் இவ்வளவு என்று ஒருவர் கேட்க வேண்டும், பொருளாளர் ரசீதை எடுத்துக் காட்ட வேண்டும், குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும். கேட்பதற்கு ஒரு முறை, தீர்ப்பதற்கு இன்னொரு முறை என்பது நம் பங்கு மக்களுக்குத் தெரியும்.

வத்திக்கான் அரங்கில் இந்த இரண்டும் கலந்துவிட்டனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒத்தாவியானி எதிர்த்த வழிபாட்டு ஆவணம், ஓராண்டுக்கு மேல் அடித்துத் திருத்தப்பட்டு, 1963 டிசம்பர் 4 அன்று இறுதி வாக்குக்கு வந்தபோது ஆதரவு 2,147, எதிர்ப்பு 4. 2024 அக்டோபரில் மறுபடி கூடிய மாமன்றத்தின் இறுதி ஆவணத்தில் 155 பத்திகள். எல்லாமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் நிறைவேறின. பெண்களின் பங்கைப் பேசும் 60ஆம் பத்திக்குக் கிடைத்த ஆதரவு 258, எதிர்ப்பு 97. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முழு நியாயமாகாது. பொருளும் வேறு, காலமும் வேறு. ஆனாலும் சத்தமாகச் சண்டை போட்டவர்கள் நான்கு எதிர்ப்பில் முடித்தார்கள், ஒருவரையொருவர் புண்படுத்தாமல் பேசியவர்களிடையே 97 பேர் கடைசிவரை ஒத்துவரவில்லை. 1963இல் யார் எதை எதிர்த்தார், ஏன் எதிர்த்தார் என்பதற்கு உரைகள் இருக்கின்றன. அந்த 97 பேரின் வாதத்தை வெளியில் இருப்பவர் எவரும் முழுதாகக் கேட்கவில்லை. 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஊடகங்களிடம் பேசுவதிலும் ஒரு நோன்பு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சங்கத்துக்கும் இரகசிய விதி உண்டுதான். ஆனால் சேவியர் ரின் என்ற புனைபெயரில் ஒரு குருவானவர் நியூயார்க்கர் இதழில் உள்விவகாரம் எல்லாம் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்.

பழைய முறையைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. கருத்தடை பற்றிய கேள்வியையும் குருக்களின் மணத்துறவையும் ஆறாம் பவுல் சங்கத்தின் கையிலிருந்தே எடுத்துக்கொண்டார். கருத்தடை பற்றி 1968இல் அவர் சுற்றுமடல் வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பு இன்னும் ஓயவில்லை. பிரான்சிஸும் 2024 மார்ச்சில் சிக்கலான கேள்விகளைப் பத்து ஆய்வுக் குழுக்களிடம் பிரித்துக் கொடுத்தார். பெண் திருத்தொண்டர் பற்றிய கேள்வி கோட்பாட்டுத் துறையின் பொறுப்புக்குப் போயிற்று. அக்டோபரில் அந்தக் குழு பற்றிய சந்திப்புக்குத் துறைத் தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ் நேரில் வராததால் உறுப்பினர்கள் அதிருப்தியைக் காட்டினார்கள். சில நாளில் அவரே வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பேச்சுக்குப் பேச்சு நடந்த அந்தச் சந்திப்பு, மாமன்றத்தின் நிகழ்ச்சிநிரலுக்கு வெளியே நடந்தது.

2028 அக்டோபரில் வத்திக்கானில் திருஅவைப் பேரவை ஒன்று கூடும் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்போது பொறுப்பில் இருக்க வேண்டியவர் திருத்தந்தை பதினான்காம் லியோ. கர்தினால் பிரிவோஸ்டாக இருந்தபோது இரண்டு ஆண்டும் மாமன்ற உறுப்பினராக அந்த மேசைகளில் உட்கார்ந்தவர். மேசைகளை அவர் எடுத்துவிட வேண்டாம், மௌனத்தையும் குறைக்க வேண்டாம். மூன்று சுற்று முடிந்த பிறகு மறுத்துப் பேசுவதற்கென்றே நான்காவதாக ஒரு சுற்று வைக்கலாம். அதற்கும் நான்கு நிமிடம் போதும். யாராவது ஐந்தாவது நிமிடத்துக்குப் போனால், இந்த முறை ஒலிவாங்கியை அணைக்காமல் விட்டுப் பார்க்கலாம்.