பழஞ்சேலையில் குழந்தை மெத்தை, புதுத்துணியில் தாம்பூலப் பை

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடியைத் தாண்டினால் இருபுறமும் செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள். பங்குனி தொடங்கி வைகாசி வரை பெண்களுக்குத் தோப்பில் ஓய்வு கிடையாது. பழம் பொறுக்குவதும் கொட்டை திருகுவதும் காயவைப்பதுமாக நாள் போகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே கால் வைக்க முடியாது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அந்த நாட்களில் செய்யக்கூடிய தொழில் எது என்று கேட்டால், ஊசியும் நூலும் உடனே நினைவுக்கு வரும். அதில் எது வீட்டுக்கு இலாபம், எது விற்பனைக்கு இலாபம் என்று பிரித்துப் பார்க்காமல் இறங்குவதால்தான் பல குடும்பங்களில் தையல் இயந்திரம் மூலையில் தூசி படிந்து நிற்கிறது. இக்கட்டுரை அந்தக் கணக்கையும் செய்முறையையும் சேர்த்தே கூறுகிறது.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல் இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்றாம் ஆண்டு ஆகும்; நல்ல மகசூல் காண மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடைக்காலத்தில் கைக்கு வரும் சிறு வருமானம் எவ்வளவு பெரிது என்பதை இவ்வட்டார விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

குழந்தை மெத்தைக்குப் புதுத்துணியைவிடப் பல முறை துவைத்த பருத்திச் சேலையே சிறந்தது. கஞ்சியும் விறைப்பும் போய், நூல் மென்மைப்பட்டு, வியர்வையை நன்றாக உறிஞ்சும். நைலான், பாலியெஸ்டர் சேலைகள் இதற்கு உதவா. சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவது போன்ற வாசனையுடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கும் இச்சோதனை அவசியம். உருகும் துணி கையில் ஒட்டிக்கொண்டால் காயம் ஆழமாகிவிடும்.

உழவர் வீடுகளுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. பூச்சிமருந்து தெளிக்கும்போது அணிந்த வேட்டி, சட்டை, தலைத்துண்டு எதுவும் குழந்தை மெத்தைக்குள் போகக்கூடாது. எத்தனை முறை துவைத்திருந்தாலும் கூடாது. முந்திரிக்கொட்டை உடைக்கும்போது மடியில் விரித்த துணியும் அப்படியே. கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதை உடைப்பவர்களின் விரல்களே சொல்லும். பூச்சிமருந்து, உரம் வந்த சாக்குகளைப் பற்றிக் கூறவே தேவையில்லை.

தேர்ந்தெடுத்த துணியைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து, அலசி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். சாயம் போகும் துணியைத் தனியே ஊறவைத்து, நீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். அப்படியும் நிறம் விட்டுக்கொண்டே இருந்தால் அதைக் கரித்துணியாக வைத்துக்கொள்வதே மேல்.

மெத்தை தைக்கும் முறை

தைத்து முடித்த பின் 90 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் இருக்கும்படி ஒரு மெத்தையை எடுத்துக்கொள்வோம். தையலுக்கும் சுருக்கத்திற்கும் இடம் விட்டு 94 செ.மீ.க்கு 79 செ.மீ. என்று துண்டுகளை வெட்ட வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையில் இப்படி ஆறு துண்டுகள் எடுக்கலாம். ஆனால் பழஞ்சேலை எங்கும் ஒரேபோல் தேய்வதில்லை. பாதத்தில் உரசும் கீழ்க்கரையும், உட்காருமிடமும் முதலில் இற்றுப்போகும். முந்தானையும் உட்சுற்றும் நன்றாக இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மெலிந்த பகுதிகளை நீக்கினால் ஒரு சேலைக்கு நான்கு துண்டுகள் தேறும். அவற்றில் மூன்றை உள்ளே அடுக்கி, நான்காவதை மேல்துணியாக்கலாம்.

அடித்துணிக்கும் கரைக்கும் கைலி மிகப் பொருத்தம். பக்கத்திலேயே கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற குறிஞ்சிப்பாடி இருக்கிறது. ஒரு கைலியில் அடித்துணி போக மீதி இருப்பதில் 6 செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டினால் சுற்றிலும் கரை கட்டப் போதும். ஆக மொத்தம் ஐந்து அடுக்கு. இதற்கு மேல் அடுக்கினால் ஊசி இறங்காது, துவைத்தால் உலராது.

மேல்துணியில் வண்ணத் துண்டுகள் வேண்டுமென்றால், தையல்காரர் கடையில் கிடக்கும் பருத்தித் துண்டுகளை 17 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் 1 செ.மீ. தையலுக்குப் போக 15 செ.மீ. நிற்கும். நீளவாட்டில் ஆறு, அகலவாட்டில் ஐந்து, மொத்தம் 30 சதுரங்கள். முதலில் ஆறாறாகச் சேர்த்து ஐந்து பட்டைகள் செய்துகொண்டு, பிறகு பட்டைகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனால் மூலைகள் கோணிக்கொள்ளும்.

ஐந்து அடுக்கையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து நான்கு ஓரங்களை நோக்கிப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூல் ஓட்டி நிறுத்துங்கள். இதைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் உண்டு. விட்டால் தைக்கத் தைக்க உள்துணி நகர்ந்து ஒரு பக்கம் பொதியாகத் திரளும். பின்பு கட்டியான பருத்தி நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டு, 2.5 செ.மீ. இடைவெளியில் நீளவாட்டில் ஓட்டுத் தையல் போட வேண்டும். தையல் நெல்மணி அளவில் இருந்தால் போதும். இங்கும் நடுவில் தொடங்கி ஓரத்திற்கு வருவதே நல்லது. எல்லா வரிசையும் முடிந்த பின் ஓரங்களை 90-க்கு 75 செ.மீ. என்று சீராக வெட்டிக் கைலிப் பட்டையை மடித்துக் கரை கட்டுங்கள். தற்காலிக நூலைக் கடைசியில் உருவிவிடலாம்.

பட்டன், பாசிமணி, சமிக்கி எதுவும் குழந்தை மெத்தையில் வேண்டாம். பிய்ந்தால் நேரே வாய்க்குள் போகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இம்மெத்தையைப் பாயின் மேல் விரித்துப் படுக்கவைக்கலாமே தவிர, தூங்கும் குழந்தையின் மேல் போர்த்தக்கூடாது. முகத்தில் விழுந்தால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. இலவம்பஞ்சு அடைத்த பொதபொதப்பான மெத்தையும் தலையணையும் அவ்வயதில் ஆபத்தானவையே. மெல்லிய ஐந்தடுக்கு மெத்தையின் சிறப்பே அது புதையாமல் இருப்பதுதான்.

பிற மாநிலங்களில்

பழந்துணியை அடுக்கித் தைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர்; நம் 'கந்தை' என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அங்குப் பெண்கள் பழஞ்சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி, அதே நூலால் பூவும் மீனும் தைத்தார்கள். நூல் வாங்கும் செலவுகூட இல்லை! கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முன்னோரின் வழியினரான சித்தி இனப் பெண்கள் நாம் சொன்னதற்கு நேர்மாறாக, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். துண்டுகளைத் தைத்துக்கொண்டே போவதால் அவர்களுக்குத் தனியாக மேல்துணி தயாரிக்கும் வேலை இல்லை. நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூப்போல் வைத்தால்தான் மெத்தை முடிந்ததாக அவர்களுக்கு மனம் நிறையும்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் கோட்டையை வாங்கியதற்குத் துணி வாணிபம் முக்கியக் காரணம். சோழமண்டலக் கரையின் அச்சுச் சீட்டித் துணி அந்நாளில் ஐரோப்பிய வீடுகளில் மெத்தையாகவும் போர்வையாகவும் தைக்கப்பட்டது. தம் நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று இங்கிலாந்து 1701-லும் 1721-லும் அதற்குத் தடைச்சட்டம் போடும் அளவுக்கு அதன் மீது அங்கே மோகம் இருந்தது.

கூலிக் கணக்கு

75 செ.மீ. அகலத்தில் 2.5 செ.மீ.க்கு ஒரு வரிசை என்றால் 30 வரிசைகள். ஒவ்வொன்றும் 90 செ.மீ. ஆகவே 27 மீட்டர் நீளத்திற்குக் கைத்தையல். பழகிய கைக்கு வரிசைக்குப் பத்து நிமிடம் என்று கொண்டால் ஐந்து மணி நேரம். துவைத்தல், வெட்டுதல், அடுக்குதல், கரை கட்டுதல் எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரத்திற்குக் குறையாது. சதுரத்துண்டு மேல்துணி என்றால் இன்னும் இரண்டு, மூன்று மணி கூடும்.

ஒரு பேச்சுக்கு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைலிக்கும் நூலுக்கும் 100 ரூபாய் போனால் மெத்தையின் அடக்கம் 500 ரூபாய். பழஞ்சேலை இலவசம் என்பதால் 200 ரூபாய்க்குக் கொடுத்து "நூறு ரூபாய் இலாபம்" என்று எண்ணினால், உண்மையில் 300 ரூபாய் கூலியை இனாமாகக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊர்க் கூலியை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500, 600 கொடுத்து வாங்குபவர்கள் இல்லாமல் இல்லை. நெய்வேலி நகரியத்தில் பேரக்குழந்தைக்கென்று கேட்டு வாங்குவோர் கிடைக்கலாம். ஆனால் அவர்களை நம்பிப் பத்து மெத்தைகளை முன்கூட்டித் தைத்து அடுக்கக்கூடாது. கேட்டவருக்கு, முன்பணம் பெற்றுத் தைப்பதே சரி. மற்றபடி மெத்தை நம் வீட்டுக் குழந்தைக்கும், சீமந்தம், பேர்சூட்டு விழாக்களில் உறவினருக்குக் கொடுப்பதற்கும் உரியது. கடையில் 500 ரூபாய்க்குப் பரிசு வாங்கும் செலவு மிச்சமாகிறதே, அதுதான் இதில் வருமானம்.

விற்பனைக்குத் தாம்பூலப் பை

விற்பனைக்கென்றால் பை தைப்பதே நம் யோசனை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. திருமண வீடுகளில் தேங்காய், வெற்றிலை பாக்குடன் துணிப்பை கொடுக்கும் வழக்கமோ இவற்றுக்கெல்லாம் முந்தையது.

90 செ.மீ. அகலப் பருத்தித் துணி 2 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பை ஒன்றுக்கு 24 செ.மீ. அகலம், 62 செ.மீ. நீளம் என்று வெட்டினால் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, ஆக ஒன்பது பைகள். பக்கத்தில் மிஞ்சும் 18 செ.மீ. பட்டையிலும் மேலே மிஞ்சும் 14 செ.மீ. துண்டிலும் 6 செ.மீ. அகலம், 36 செ.மீ. நீளத்தில் 19 கைப்பிடிகள் கிடைக்கும். தேவை 18 தான். வாய்ப்பக்கம் 3 செ.மீ. மடித்து, பக்கங்களில் 1 செ.மீ. விட்டுத் தைத்தால் பை 22-க்கு 28 செ.மீ. நிற்கும். தேங்காய் ஒன்று, பழம், வெற்றிலை தாராளமாகக் கொள்ளும். கைப்பிடி பையுடன் சேருமிடத்தில் சதுரமாகவும் அதனுள் குறுக்காகவும் தையல் போட வேண்டும். மலிவான பைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் பிய்கின்றன.

இயந்திரத்தில் பழகியவர் பைக்குப் பன்னிரண்டு நிமிடம் வீதம் நாளைக்கு 40 பைகள் முடிக்கலாம். துணி மீட்டர் 60 ரூபாய் என்றால் ஒரு பைக்குத் துணி 13 ரூபாய் 33 காசு, நூலுக்கு 1 ரூபாய், அதே 400 ரூபாய்க் கூலியில் 10 ரூபாய். அடக்கம் 24 ரூபாய்க்குச் சற்று மேல். இதற்குக் குறைத்துக் கேட்கும் கல்யாண வீட்டாருக்கு மறுத்துவிடலாம். துணியை அவர்களே வாங்கித் தந்தால் 11 ரூபாய்க்கு மேல் தையற்கூலி பேசிக்கொள்ளலாம். முதல் இல்லாதவர்களுக்கு இதுவே பாதுகாப்பு.

இயந்திரத்திற்காகக் கடன் வாங்குவது இரண்டு, மூன்று ஆர்டர்களை முடித்த பிறகு யோசிக்க வேண்டியது. அதுவரை குழுவில் ஒருவரது இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உள்ளது. வயது, வருமான வரம்புகளை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறியவும்.

துண்டுத் துணி பொம்மை

பை வெட்டும்போது விழும் விரல் நீளத் துண்டுகளையும் எறியவேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லைச் சேர்ந்த 'உபாசனா' ஆடை நிலையத்தார் சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்குத் தையற்கழிவுத் துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தனர். 'சுனாமிகா' என்று அதற்குப் பெயர். கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கைவேலை செய்து மனம் தேறுவதற்காக 2005-இல் தொடங்கிய வேலை அது. அப்பொம்மையை அவர்கள் விலை வைத்து விற்கவில்லை, அன்பளிப்பாகவே கொடுத்தனர். நன்கொடையாக வந்த பணத்தில் பெண்களுக்குக் கூலி கிடைத்தது. கடலூர்க் கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் நடந்த செய்தி இது.

நம் வீடுகளில் அத்துண்டுகளைச் சுருக்குப்பைக்கும், பிடிதுணிக்கு உள்ளடுக்காகவும் பயன்படுத்தலாம். பத்துப் பை வாங்குபவருக்கு ஒரு சுருக்குப்பை இனாம் என்றால் அடுத்த முறையும் அவர் உங்களிடமே வருவார். வடலூர்த் தைப்பூசத்திற்குக் கூடும் கூட்டத்தில் விற்க நினைப்பவர்கள் மார்கழிக்குள் தைத்து முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தைத்த துணியை ஈரப்பதத்துடன் அடுக்கினால் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் படரும். அது துவைத்தாலும் போகாது. வெயில் கண்ட நாளில் இருபுறமும் காயவைத்து, உலர்ந்த நொச்சி அல்லது வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து நடுவில் வைத்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வையுங்கள்.