நீர் தேங்கிய மண்ணின் இயல்பு

உலர்வலயத்திலே குளத்தின் கீழ் அமைந்த நிலத்தை மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நடந்து பார்ப்பவர், மண்ணின் நிறம் மாறிச் செல்வதைக் காண்பர். மேட்டில் செங்கபில நிறமாயிருக்கும் மண், பள்ளத்தை அடைந்ததும் சாம்பல் நிறங்கொண்டு, ஆங்காங்கே துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகளுடன் காணப்படும். இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணம் நீரேயாம்.

மண்ணின் துளைகளில் நீர் நிரம்பியதும் காற்று வெளியேறிவிடுகின்றது. எஞ்சிய ஒட்சிசனை வேர்களும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாள்களிலேயே செலவழித்துவிடும். அதன்பின் ஒட்சிசனின்றி வாழவல்ல நுண்ணுயிர்கள் முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும் இரும்பையும், அதற்கும்பின் சல்பேற்றையும் பயன்படுத்துகின்றன. நைத்திரேற்று வாயுவாகிப் போய்விடும். சிவந்த இரும்பு நீரிற் கரையும் வடிவை அடைவதாலேயே மண் சாம்பல் நிறமாகின்றது. சேற்றைக் கிளறும்போது கூழ்முட்டை நாற்றம் வீசுமாயின், மாற்றம் சல்பேற்று வரை சென்றுவிட்டதென அறியலாம்.

ஆதலால், யூரியா இட்ட வயலை உலரவிட்டு மீண்டும் நீர் கட்டும் கமக்காரர், பசளையின் ஒரு பங்கைக் காற்றுக்கே கொடுத்தவராவர்.

நெற்பயிர் இம்மண்ணில் வாழ்வதெங்ஙனம்? அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள. இலைவழி வந்த ஒட்சிசன் அவற்றினூடாக வேர்நுனிவரை இறங்கிப் புறத்தேயும் கசிகின்றது. அங்கே கரைந்துள்ள இரும்பு துருவாகி வேரிற் படியும். பிடுங்கிய நெல்வேரில் மெல்லிய செங்கபிலப் பூச்சைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. வேர் கறுத்து நாறினாலே அஞ்சவேண்டும். ஆயினும் களுத்துறை, காலி போன்ற ஈரவலய மாவட்டங்களின் பள்ள வயல்களில் மேட்டிலிருந்து ஊறிவரும் நீர் மிகுந்த இரும்பைக் கொணர்வதால், முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கபிலப் புள்ளிகொண்டு கருகுவதுண்டு. அத்தகைய இடத்தில் மேட்டின் அடிவாரத்திலே குறுக்கு வடிகால் வெட்டி ஊற்றுநீரைத் திருப்புதலும், பொற்றாசியப் பசளையைக் குறைவின்றி இடுதலும், இரும்பைத் தாங்கவல்ல பொம்புவெல நெல்லினங்களைத் தெரிதலும் நன்று.

மிளகாய், தக்காளி, வெண்காயம் ஆகியவற்றின் வேர்களுக்கு நெல்லின் இவ்வசதி இல்லை. சிறுபோகத்தில் வயலிலே அவற்றை நடுவோர் பாத்தியை உயர்த்தினால் மட்டும் போதாது. நீர் வயலைவிட்டு வெளியேற வழியும் வேண்டும்.

இனி, குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே எப்போதும் ஈரமாயிருக்கும் ஒடுங்கிய நிலத்தைக் கவனிப்போம். சிங்களக் கிராமங்களில் இது கட்டகடுவ எனப்படும். மருது, இலுப்பை, தாழை முதலியன இங்கு செழிக்கும். தவளைகளும் பறவைகளும் தங்கும். அவை வயற்பூச்சிகளையும் உண்ணும். இதனைத் திருத்தி வயலோடு சேர்ப்பது இலாபம்போலத் தோன்றும். ஆனால் கட்டினூடே கசியும் நீரிலுள்ள உப்பைத் தடுத்து நிற்பது இவ்வீரக் காடேயாம். காடு போனபின் அந்த உப்பு வயலுக்கு வரும். மண் உலரும்போது வெள்ளையாய்ப் பூக்கும். இத்தகைய அமைப்புகளைக் கொண்ட இலங்கையின் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது.

ஏற்கெனவே வெட்டப்பட்ட இடங்களில் மழைக்கால ஆரம்பத்தில் மருதங்கன்றுகளை நடலாம். கட்டின்மீது மட்டும் நடலாகாது. பெருமரத்தின் வேர் கட்டைப் பிளந்து நீர்க்கசிவுக்கு வழிசெய்யும்.