சீம்பாலைக் கொட்டிவிடாதீர்கள்!

பிள்ளை பிறந்ததும் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. அதனால் ஏற்படும் இழப்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த புரோலாக்டின் பால் சுரப்பைப் பெருக்குகிறது. பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் பாலை வெளியே தள்ளுகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தப்போக்கைக் குறைக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பாசப் பிணைப்புக்கும் துணை செய்கிறது.

சீம்பால் அளவில் கொஞ்சம்தான். ஆனால் அதில் 'ஐஜிஏ' எனும் நோய் எதிர்ப்புப் பொருள் நிறைந்துள்ளது. தாயின் உடல் முன்பு எதிர்கொண்ட கிருமிகளிடமிருந்து பிள்ளையின் குடலை அது காக்கிறது.

பிறந்த 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கி, 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வலியும் மனக்கவலையும் ஆக்ஸிடோசின் சுரப்பைத் தடுக்கக்கூடும். ஆகவே, 'பால் பத்தவில்லை' என்று அவளைக் குத்திக்காட்டாமல் ஓய்வும் ஆறுதலும் தருவது வீட்டாரின் கடமை. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைச் சொல்லும் திருக்குர்ஆன் வசனமே (2:233), அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.