மூக்கு இல்லீங்க... புல்லு!

சிவில் படிக்கிற பசங்களுக்கு 'நிஸ்குவாலி'ன்னா பூகம்பம்தான் ஞாபகம் வரும். 2001 பிப்ரவரி 28-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தை உலுக்கிய 6.8 அளவு பூகம்பத்துக்கு அந்தப் பேர்தான். ஆனா, அது முதல்ல ஒரு ஜனத்தோட பேர்!

மவுன்ட் ரெய்னியர் பனிமலையில் கிளம்பி, பியூஜெட் சவுண்ட் கடலில் கலக்கிறது நிஸ்குவாலி ஆறு. அதன் கரையில் காலங்காலமாக சால்மன் பிடித்து வாழ்பவர்கள் இந்தப் பழங்குடிகள்.

பேர் எப்படி வந்துச்சு? பிரெஞ்சில் 'நே காரே'ன்னா சதுர மூக்கு. தோல் வியாபாரத்துக்கு வந்தவங்க வெச்ச அந்தப் பட்டப்பேர்தான் மருவிடுச்சுன்னு ஒரு கதை உண்டு. ஹாஸ்டல்ல நாம வைக்கிற பேர் மாதிரி! கேட்க ஜாலியா இருக்கு, அவ்ளோதான். அவங்க தங்களைச் சொல்லிக்கிறது 'ஸ்குவாலி அப்ஷ்'. 'அப்ஷ்' என்றால் மக்கள். அக்கம்பக்கத்து டுவாமிஷ், ஸ்வினோமிஷ் இனங்களின் பேரில் வரும் 'மிஷ்' விகுதியும் இதேதான். மொத்தத்தில், 'புல்வெளி நாட்டு மக்கள்'.

மீன் பிடிக்கிறவங்களுக்கு எதுக்கு புல்? பனியுகம் விட்டுப்போன சரளை மண்ணில் அங்கே பரந்த புல்வெளிகள் இருந்தன. காடு ஏறிவிடாமல் இருக்க, இவர்களே அவ்வப்போது தீ வைத்துப் பராமரித்தார்கள். சாப்பிடும் காமாஸ் கிழங்கு அங்கேதான் விளையும். பின்னாளில் குதிரைகள் மேய்ந்ததும் அங்கேதான்.

1854 டிசம்பர் 26. கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸ் போட்ட மெடிசின் க்ரீக் ஒப்பந்தம் ஆறு, புல்வெளி ரெண்டையும் பறித்தது. பதிலுக்குக் கிடைத்தது 1,280 ஏக்கர் கல்லுமேடு, காடு. ஒப்பந்தத்தை விளக்கியதுகூட சில நூறு வார்த்தைகளே உள்ள 'சினூக் ஜார்கன்' என்ற சந்தை பாஷையில்! தலைவர் லெஷி எதிர்த்தார். 1855-ல் சண்டை மூண்டது. மறுவருஷம் ஆற்றங்கரை நிலம் திரும்பக் கிடைத்தது. ஆனா, லெஷியை 1858-ல் கொலைக் குற்றம் சாட்டித் தூக்கில் போட்டார்கள். போரில் நடந்தது கொலையாகாது என்று ஒரு சிறப்பு வரலாற்று நீதிமன்றம் அவரை விடுவித்தது 2004-ல்!

முதல் உலகப் போர் சமயத்தில் ராணுவம் வந்து, சுமார் 3,300 ஏக்கரை முகாமுக்காக மறுபடி பிடுங்கிக்கொண்டது. இன்று அந்தப் பகுதியில் மிச்சமிருக்கும் புல்வெளியில் பெரும்பங்கு ராணுவ வேலிக்குள்தான். பீரங்கிப் பயிற்சியில் அடிக்கடி தீப்பிடிக்கிறதால, அங்கே காடு ஏறலையாம்.