மெக்சிகோ தெருவுணவுக்கு வழிகாட்டி எதற்கு?

மெக்சிகோ நகரத்துத் தெருவுணவை ருசிக்க வழிகாட்டியோடு நடக்க வேண்டுமா, கண்ணில் பட்ட கடையில் நின்று தின்றால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும்தான். ஆனால் அங்கே எந்தக் கடை என்பதைவிட எந்த வேளை என்பது முக்கியம். சோள மாவை மடலில் பொதிந்து அவித்த தமாலை ரொட்டிக்குள் வைத்துத் தரும் வண்டிகள் காலைப் பரபரப்புக்கானவை. ஆட்டிறைச்சியில் செய்யும் ‘பார்பகோவா’ பெரும்பாலும் வார இறுதியில்தான். நெட்டுக்குத்தான கம்பியில் சுழலும் பன்றி இறைச்சியைச் சீவி, அன்னாசித் துணுக்கோடு சோள ரொட்டியில் வைத்துத் தரும் ‘அல் பாஸ்தோர்’ டாக்கோவுக்கு இரவுதான் களைகட்டும். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் இப்படி உருமாறியது என்ற கதையைச் சொல்லக் கடைக்காரருக்கு நேரம் ஏது?

வழிகாட்டி நடைக்குக் கட்டணம் அதிகம் என்பது நியாயமான குறைதான். கொடுக்கிற பணத்தில் தனியாகவே பல கடை ஏறி இறங்கலாம். ஆனால் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்துச் சுடச்சுட ரொட்டி தட்டுவது எந்தக் கடை, பொட்டல மாவைப் பிசைவது எது என்று புதியவருக்குத் தெரியாது. முதலாவதன் மணமே தனி. வெளியூர்க் கூட்டம் தெருவின் இயல்பைக் கெடுக்கும் என்கிறார்களே? 2024-இல் மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற ‘எல் கலீஃபா தே லியோன்’ என்ற சின்னஞ்சிறு டாக்கோ கடைமுன் நீண்ட வரிசையைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. அதனால் சிறு குழுவாக, பேர் வாங்காத கடைகளுக்கும் கூட்டிப்போகிற நடையாகப் பார்த்துச் சேருங்கள். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள்.