476 என்று எழுதிய பிள்ளை

502-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை 476 என்று எழுதும். இன்னொன்று 424 என்று எழுதும். சரியான விடை 324. டேப்லெட் திரையில் இரண்டுக்கும் ஒரே சிவப்புக் குறிதான் விழும். ஆனால் முதல் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, இடமதிப்பே பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறில் ஒன்றைக் குறைக்கத்தான் மறந்தது. இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்து என்ன பயன்?

மலேசியப் பள்ளிகளுக்குக் கருவிகள் வராமல் இல்லை. கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டத்தில் ஃபிராக் என்ற இணையக் கற்றல் தளமும் குரோம்புக் மடிக்கணினியும் வந்தன. 2019-இல் அது முடிந்தது, 2020-இல் டெலிமா என்ற கற்றல் தளம் வந்தது. அனைத்துலக டிம்ஸ் ஆய்விலோ நம் இரண்டாம் படிவ மாணவர்களின் கணிதப் புள்ளி 1999-இல் 519, 2023-இல் 411. பழியைக் கருவிமேல் போட முடியாது. ஆனால் கருவி காப்பாற்றவும் இல்லை.

டெல்லியில் கார்த்திக் முரளிதரனும் சக பொருளியலாளர்களும் 2015-இல் கருவியும் ஆசிரியரும் சேர்ந்த ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். பள்ளி முடிந்தபின் 45 நிமிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருள், 45 நிமிடம் 12 முதல் 15 பேர் கொண்ட குழுவில் ஆசிரியத் துணை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் பாடநூலைப் பிடித்துக்கொண்டு ஓடாமல், அவரவர் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. நான்கரை மாதத்தில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது. பெயர் வைத்தவர் நல்ல மனிதர். மக்கு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இங்கே மலேசியாவில், ஷா ஆலம் செக்‌ஷன் 7-இல் இருக்கும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்றவற்றில் தோட்டம் பெயரில் மட்டுமே மிச்சம். படிப்பவர்கள் நகரத்துப் பிள்ளைகள். கைப்பேசி அவர்களுக்குப் புதிதல்ல. ஆசிரியர் ஐந்து பேரோடு தனி மேசையில் இருபது நிமிடம் உட்காருவதுதான் அரிது. அந்த மேசையில் விளையாட்டுப் பணம் போதும்: நூறு, பத்து, ஒரு ரிங்கிட் தாள்கள். 502 ரிங்கிட்டிலிருந்து 178 கொடுக்க, ஒரு நூறை மாற்றியே ஆகவேண்டும். மாற்றிய கையோடு அந்த நூறு போய்விட்டதும் கண்ணுக்குத் தெரியும்.

அப்போது மீதி இருபது பேர் என்ன செய்வார்கள்? டேப்லெட் தேவைப்படுவது அந்த இருபது நிமிடத்துக்குத்தான். யார் 476, யார் 424 என்று காலையிலேயே பட்டியலிட்டுத் தருவதற்கும் அது உதவும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் திறன்பலகைக்கு நிதி திரட்டுமுன், ஆசிரியரின் கால அட்டவணையில் அந்த இருபது நிமிடம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம்.